கலைக் கல்லூரி என்றால் இளக்காரமா?



பிளஸ் டூ முடிவுகள் வந்த நாள்முதல் நம் மஹல்லாக்களில் ஒரே கேள்விதான்: "மருத்துவமா, பொறியியலா?" வரலாறோ பொருளியலோ படிக்க விரும்புவதாக ஒரு பிள்ளை சொன்னால், மதிப்பெண் குறைந்துவிட்டதோ என்று உறவினர் இரங்குகின்றனர். நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு வரலாற்றுப் பிரிவுக்கு விண்ணப்பம் கேட்டபோது, "இவ்வளவு மார்க் எடுத்துவிட்டு ஏன் இதற்கு?" என்று கல்லூரி அலுவலகத்திலேயே கேட்டார்கள். உடன் வந்த வாப்பா தலைகுனிந்து நின்றார். தலைகுனிய என்ன இருக்கிறது?

நம் கடற்கரையையே பாருங்கள். மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டு வியந்த துறைமுகம் இன்றைய பழையகாயல்தான் என்று எடுத்துக்காட்டியவர் பிஷப் கால்டுவெல். 1572-இல் மதுரையில் அரங்கேறிய ஆயிர மசலாவை மலாய், ஜாவா மொழி நூல்களோடு ஒப்பிட்டு 2011-இல் நூல் வெளியிட்டவர் ரோனித் ரிச்சி என்னும் அயல்நாட்டு ஆய்வாளர். அவர்களுக்கு நன்றி சொல்வோம். நம்மிலும் பேராசிரியர் ம. மு. உவைஸ் போன்றோர் தோன்றினர். அவர் வழியில் இன்று எத்தனை பேர்? பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளோ, வாசிக்க ஆளின்றிப் பரணில் செல்லரிக்கின்றன.

இது பழம்பெருமை பேசும் ஏக்கமன்று. 2025-இல் வக்ஃபு சட்டம் திருத்தப்பட்ட பின், ஆவணம் காட்டுவது முன்னிலும் இன்றியமையாததாகிவிட்டது. பழைய பத்திரத்தைப் படித்து, ஆவணக் காப்பகத்தில் தேடி, சான்றோடு எழுதித் தருபவர் நம் ஜமாஅத்தில் யார்? 2006-இல் நம் சமுதாயத்தின் நிலையை நாட்டுக்கு உரைத்த சச்சார் குழுவின் உறுப்பினர் செயலர் அபூசாலிஹ் ஷரீஃப் ஒரு பொருளியலாளர் என்பதை மறந்துவிடலாகாது.

"மார்க்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்பார் சிலர். பூமியில் பயணம் செய்து முன்னோர் சமுதாயங்களின் முடிவைக் காணுமாறு குர்ஆன் நம்மைப் பணிக்கிறது. 1377-இல் முகத்திமாவை எழுதிச் சமூகவியலுக்கு வழிகாட்டிய இப்னு கல்தூன், பின்னாளில் கெய்ரோவில் காஜியாகத் தீர்ப்பு வழங்கியவர். அவருக்கு இவை இரண்டு உலகங்களாகத் தெரியவில்லை.

"சோறு போடுமா?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் குடிமைப் பணித் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். அதில் கேட்கப்படுவதில் பெரும்பகுதி வரலாறும் அரசியலும் பொருளியலுமே. எந்தப் பட்டத்துக்குப் பின்னும் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். ஆசிரியப் பணியும் உண்டு. விருப்பமில்லாப் பிள்ளையைக் கடன் வாங்கிப் பொறியியலில் சேர்த்து, பின்னர் வளைகுடாவில் கிடைத்த வேலைக்கு அனுப்புவதைக் காட்டிலும் இது எவ்விதத்தில் தாழ்ந்தது?

இதற்காகப் பெருநகரம் செல்லவும் வேண்டியதில்லை. தூத்துக்குடியில் புனித மரியன்னை கல்லூரி 1948-லும் வ.உ.சி. கல்லூரி 1951-லும் தொடங்கப்பட்டவை. காயல்பட்டினத்திலேயே வாவு வஜீஹா மகளிர் கல்லூரி இருக்கிறது. பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பாவின் பெயரால் 1971 முதல் ஒரு கல்லூரி இயங்குகிறது. பெண் பிள்ளைகளும் மகரிபுக்கு முன் வீடு திரும்பலாம். வகுப்பு சிறிதாயின் ஆசிரியர் பிள்ளையைப் பெயர் சொல்லி அறிவார்.

ஆயினும், சிறிய கல்லூரி என்பதாலேயே நல்ல கல்லூரி ஆகிவிடாது. கட்டடத்தைப் பார்க்காதீர்கள், கேளுங்கள். விரும்பும் பாடம் அங்கே உண்டா? அத்துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? நூலகம் வகுப்பு முடிந்த பின்னும் திறந்திருக்குமா? மாணவர்கள் மூல நூல்களைப் படிக்கிறார்களா, கைடு மட்டும்தானா? இறுதியாண்டு மாணவர் இருவரிடம் தனியே விசாரியுங்கள். விளம்பரத் தாளைவிட அவர்கள் சொல்வதே உண்மைக்கு அருகில் இருக்கும்.

உங்கள் பிள்ளை வரலாறு படிக்க விரும்பினால் இரங்காதீர்கள், துஆ செய்யுங்கள். நம் கதையை நாமே எழுதும் தலைமுறையை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.