ஊர்ப்பெயர் தாங்கிய கப்பல்

ஹைதராபாதில் குடியேறி வாழும் நமக்குக் கடல் என்பது விடுமுறைக்குச் சென்னை செல்லும் நாட்களில் மட்டும் காணக் கிடைப்பது. இவ்வூரில் கடல் என்று பெயர் பெற்றவற்றுள் ஒன்று ஹுஸேன் ஸாகர். 16-ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட ஏரி அது. ஸாகரம் என்று பெயர் இருப்பினும் அதில் உப்பும் இல்லை, பேரலையும் இல்லை. இத்தகைய ஊரின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று வடதுருவத்துப் பனிக்கடலில் காவல் புரிந்தது என்று நாம் கூறினால், அன்பர்கள் சிலர் நம்மை ஐயத்துடன் நோக்கக்கூடும். ஆயினும் அது உண்மை. அதன் கதையை இம்மாதம் நம் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

அக்கப்பல் ஸ்காட்லாந்து நாட்டின் அபர்தீன் நகரில் கட்டப்பட்டது. 1941-ல் நீரில் இறக்கப்பட்டு, 1942-ன் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படையில் பணி ஏற்றது. அதற்கு முதலில் இட்ட பெயர் நெட்டில் என்பது. நம் நாட்டுப்புறத்துச் செந்தட்டியைப் போல, பட்ட இடத்தில் எரிச்சலூட்டும் செடி ஒன்றின் பெயர் அது. நீரில் இறங்கும் முன்னரே அப்பெயர் மாற்றப்பட்டு, ஹைதராபாத் என்னும் பெயர் சூட்டப்பெற்றது. அதன் வகையைச் சேர்ந்த பிரிட்டிஷ் கப்பல்களுக்கெல்லாம் மலர்களின் பெயரும் செடிகளின் பெயரும் இடுவதே வழக்கம். அப்பூந்தோட்டத்தின் நடுவே ஓர் ஊர்ப்பெயராக நம் ஹைதராபாத் நின்றது.

கார்வெட் எனப்படும் அவ்வகைக் கப்பல்கள் கண்ணைக் கவரும் போர்க்கப்பல்கள் அல்ல. திமிங்கில வேட்டைக்குச் செல்லும் படகின் அமைப்பைத் தழுவி, பெரிய கப்பல் துறைகளின் உதவியின்றிச் சிறிய பட்டறைகளும் விரைவாகக் கட்டும்படி வகுக்கப்பட்டவை. நீளம் 200 அடிக்குச் சற்று அதிகம். ஏறத்தாழ 85 மாலுமிகள். முன்புறத்தில் 4 அங்குலப் பீரங்கி ஒன்று. பின்புறத்தில், நீருக்கடியில் வெடித்து நீர்மூழ்கிகளைத் தாக்கும் குண்டுகள். வேகம் மணிக்கு 16 கடல்மைல். நீர்மட்டத்தில் ஓடும் ஜெர்மானிய நீர்மூழ்கியோ இதைவிட ஒரு கடல்மைல் அதிகமாக ஓடும். வேட்டையாட வந்தவன் வேட்டைப் பொருளைவிட மெதுவாக ஓடுபவன் என்றால், அவன் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ! கானடா நாட்டுக் கடற்படை இவ்வகைக் கப்பல்களை நூற்றுக்கு மேல் கட்டி, அவற்றுக்குத் தன் ஊர்களின் பெயர்களை இட்டது. அவற்றுள் ஸாக்வில் என்ற சிற்றூரின் பெயரைத் தாங்கிய கப்பல் ஒன்றே எஞ்சி, இன்றும் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் நினைவுச் சின்னமாக நிற்கிறது.

இக்கப்பல்களின் தொழில் வணிகக் கப்பல்களுக்குத் துணையாகச் செல்வது. இத்தொழில் தமிழர்க்குப் புதியதன்று. நம் முன்னோர் வணிகர் கூட்டத்தைச் சாத்து என்றனர். பொதி சுமந்த எருதுகளும் கழுதைகளும் காட்டுவழியே செல்லும்போது, கள்வரிடமிருந்து காக்க வீரர்கள் உடன் சென்றனர். வணிகக் குழுக்களுக்குக் காவல் நின்ற எறிவீரரை நம் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. 20-ஆம் நூற்றாண்டின் கடல்மீது அச்சாத்து கப்பற்சாத்தாக மாறியது. எறிவீரர் இடத்தில் கார்வெட் கப்பல்கள் நின்றன. வேறுபாடு அவ்வளவே.

1942-ஆம் ஆண்டின் வேனிற்காலத்தை வீட்டுப் பெரியோர் வாயிலாகக் கேட்டறிந்த குடும்பங்கள் நம்மிடையே இன்றும் உண்டு. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ரங்கூன் வீழ்ந்தது. பர்மா அரிசியின் வரவு நின்றது. ஏப்ரலில் கொழும்பு, விசாகப்பட்டினம், காகிநாடா, திருகோணமலை ஆகிய துறைகளின்மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் உள்நாட்டை நோக்கிப் புறப்பட்டனர். கடல்வழி அடைபட்டால் அடுக்களையில் அடுப்பெரியாது என்னும் உண்மையை அன்று நம்மவர் அனுபவித்து அறிந்தனர்.

அதே வேனிலில் உலகின் மறுகோடியில் ருஷ்ய மக்கள் ஜெர்மானியப் படையெடுப்பை எதிர்த்து உயிர்ப்போராட்டம் நடத்திக்கொண்டிருந்தனர். அவர்களுக்கு டாங்கிகளும் விமானங்களும் லாரிகளும் கொண்டு செல்லும் வழிகளுள் ஒன்று, ஐஸ்லாந்திலிருந்து வடதுருவக் கடலைச் சுற்றி மூர்மான்ஸ்க் சேரும் வழி. நார்வேயின் வடகோடியில் ஜெர்மானிய விமானத் தளங்கள், நீருக்கடியில் நீர்மூழ்கிகள், நீரோ, விழுந்தவன் சில நிமிடங்களில் விறைத்துப்போகும் குளிர். மே மாதப் பிற்பகுதியில் அங்கே சூரியன் மறைவதில்லை. இருட்டு என்னும் போர்வை அக்கப்பல்களுக்கு ஒரு நாழிகையும் கிட்டவில்லை.

1942 மே 21-ல் ஐஸ்லாந்திலிருந்து ஏறத்தாழ 35 வணிகக் கப்பல்கள் கொண்ட சாத்து ஒன்று புறப்பட்டது. பி.க்யூ. 16 என்பது அதன் குறியீடு. துணை சென்றவற்றுள் நான்கு கார்வெட்டுகள் இருந்தன: ஹனிசக்கிள், ஸ்டார்வோர்ட், சுதந்திர பிரெஞ்சுக்காரரின் ரோஸெலிஸ், நம் ஹைதராபாத். பணியேற்று மூன்று மாதங்களே ஆன கப்பலுக்கு எத்தகைய சோதனை! மே 25 முதல் துறை சேரும் வரை தாக்குதல் ஓயவில்லை. 27-ஆம் நாள் அது உச்ச நிலையை எய்தியது. அலை அலையாக விமானங்கள் வந்தன. வெடிமருந்து ஏற்றிய கப்பல்கள் தீப்பற்றின. காவலுக்குச் சென்ற போலந்து நாட்டு நாசகாரிக் கப்பலான கார்லண்டில் மட்டும் 25 பேர் மாண்டனர். உறக்கமின்றி, உண்ண நேரமின்றிக் காவற்கப்பல்கள் சுழன்று சுழன்று நின்றன. இறுதியில், புறப்பட்ட கப்பல்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை ருஷ்யத் துறைகளைச் சேர்ந்தன.

இதனை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? மூழ்கிய கப்பல்களை எண்ணினால் நெஞ்சம் பதறும். ஆனால் காவலின் பெருமையை அளக்க அடுத்த சாத்தின் வரலாறே போதும்.

பி.க்யூ. 17 என்னும் அச்சாத்தும் ஏறக்குறைய அதே அளவினது. அதே வழியில் அடுத்த மாத இறுதியில் புறப்பட்டது. ஜெர்மானியரின் பெரும் போர்க்கப்பல்கள் தாக்க வருகின்றன என்று அஞ்சிய லண்டன் கடற்படைத் தலைமை, ஜூலை 4-ஆம் நாள் காவலைப் பின்வாங்கச் செய்து, வணிகக் கப்பல்கள் தனித்தனியே கலைந்து ஓடுமாறு கட்டளையிட்டது. அஞ்சிய பெருங்கப்பல்கள் அவ்விடத்துக்கு வரவில்லை. விமானங்களும் நீர்மூழ்கிகளும் வந்தன. காவல் இழந்த கப்பல்களை ஒவ்வொன்றாகத் தேடி வேட்டையாடின. 24 வணிகக் கப்பல்கள் மூழ்கின. முந்திய சாத்தில் பெரும்பாலானவை பிழைத்தன. இதில் பெரும்பாலானவை அழிந்தன. கடலும் ஒன்று, பகைவரும் ஒருவரே. முதற்சாத்தில் காவல் இறுதிவரை உடன் நின்றது. பின்னதில் பாதிவழியில் நீங்கியது.

அந்தத் துயரத்திலும் ஒரு சிறு கார்வெட் திரும்பிச் சென்றது. அதன் பெயர் லோட்டஸ். நம் மொழியில் தாமரை. மூழ்கிய கப்பல்களின் மாலுமிகள் பனிநீரில் தத்தளிப்பதை எண்ணி, அபாயத்தை நோக்கியே அது திரும்பியது; பலரைக் கரையேற்றியது. பனிக்கடலில் பூத்த தாமரை என்று அதனைப் போற்றுவோம்.

நம் ஊரோடு தொடர்புடைய பெயர் தாங்கிய வேறொரு கப்பலும் அப்போரில் இருந்தது. ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலிகானைக் குறிக்கும் நிஜாம் என்னும் நாசகாரி அது. ஆஸ்திரேலிய மாலுமிகள் அதனை நடத்தினர். மத்தியதரைக் கடலில் சாத்துகளுக்குத் துணை சென்றது. முற்றுகையிடப்பட்ட டோப்ருக் நகருக்குப் பொருள் கொண்டு சேர்த்தது. 1945 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு முனையருகே பேரலை ஒன்று அதனைச் சாய்த்து, பத்து மாலுமிகளை வாரிக்கொண்டு போயிற்று. பகைவன் குண்டுக்குத் தப்பியவர்கள் கடலின் சீற்றத்துக்குத் தப்பவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 2-ல் ஜப்பான் சரணடைந்தபோது டோக்கியோ விரிகுடாவில் அக்கப்பலும் நின்றது.

இங்கே நாம் ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். 1939-ல் இந்தியரின் பிரதிநிதிகளைக் கலக்காமலே வைசிராய் இந்நாட்டைப் போரில் ஈடுபடுத்தினார். நிஜாம் அரசு பிரிட்டனின் போர் முயற்சிக்குத் தாராளமாகப் பொருள் வழங்கியது. ஹைதராபாத் பெயர் தாங்கிய விமானப் படைப் பிரிவுகளும் இருந்தன. அப்பொருள் குடிகளின் வரிப்பணம். அவர்களுடைய சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. ஆகவே நம் ஊர்ப்பெயர் ஒரு போர்க்கப்பலில் எழுதப்பட்டிருந்தது என்பதற்காக மட்டும் மார்தட்டிக்கொள்ள நாம் ஆயத்தமாக இல்லை. ஆயினும் பெயரைச் சூட்டியவர் நோக்கம் வேறு. பெயரின் கீழ் நின்று பிறரைக் காத்தவர் உழைப்பு வேறு. முன்னதை ஆராய்வோம், பின்னதை வணங்குவோம்.

நம் நாட்டு மாலுமிகளின் பங்கும் சிறிதன்று. 1942 நவம்பர் 11-ல், ராயல் இந்தியக் கடற்படையின் பெங்கால் என்னும் சிறு கப்பல், ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக இந்துமகா சமுத்திரத்தில் சென்றுகொண்டிருந்தது. ஒவ்வொன்றும் 10,000 டன்னுக்கு மேற்பட்ட ஜப்பானியத் தாக்குதற் கப்பல்கள் இரண்டு எதிர்ப்பட்டன. எண்ணெய்க் கப்பலைத் தப்பி ஓடுமாறு பணித்துவிட்டு, பெங்கால் பகைவரை நோக்கித் திரும்பியது. போரின் நடுவே ஜப்பானியக் கப்பல்களுள் ஒன்று தீப்பற்றி வெடித்து மூழ்கியது. ஒண்டினாவின் தலைவர் மாண்டார். அதன் மாலுமிகள் படகில் இறங்கி, பின்னர் மீண்டும் ஏறி, சிதைந்த கப்பலை ஆஸ்திரேலியக் கரைக்குக் கொண்டு சேர்த்தனர். பெங்காலும் டீகோ கார்ஸியாவை அடைந்தது. ஒன்று மூழ்கிவிட்டது என்றே மற்றது எண்ணியிருந்ததாம்! பிழைத்தது தெரிந்தபோது அம்மாலுமிகள் எய்திய மகிழ்ச்சியை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

காவல் பெற்ற வணிகக் கப்பல்களின் கொதிகலன் அறைகளிலும் நம்மவர் உழைத்தனர். கப்பல் தாக்கப்பட்டால் மேல்தளத்தை இறுதியில் அடைபவர்கள் அவர்களே. இந்திய வணிகக் கப்பல் மாலுமிகளுள் அப்போரில் மாண்டு, நீரன்றி வேறு கல்லறை இல்லாதவர் 6,000-க்கு மேற்பட்டவர். மும்பையிலும் சிட்டகாங்கிலும் அவர்கள் நினைவு போற்றப்படுகிறது. மும்பை செல்லும் அன்பர்கள் அவர்களை ஒரு கணமேனும் நினைப்பார்களாக.

ஹைதராபாத் கார்வெட் இன்று இல்லை. போர் முடிந்த சில ஆண்டுகளில் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாயிற்று. தன் பெயருக்குரிய நகரை அது ஒருநாளும் கண்டதில்லை, காணவும் இயலாது. அதன் மாலுமிகள் சார்மினாரையோ மூசி நதியையோ கண்டிருக்க வழியில்லை. ஆயினும் அப்பெயருக்கு இழுக்கு நேராமல் காத்தனர்.

இதை எழுதும்போது நம் வீட்டுப் பிள்ளைகள் நினைவுக்கு வருகின்றனர். அவர்கள் பெயருக்கு முன் நிற்கும் முதலெழுத்துகளுள் ஒன்று பல வீடுகளில் பாட்டனாரின் ஊரைக் குறிக்கும். குளித்தலையோ, கோவில்பட்டியோ, வந்தவாசியோ, செகந்தராபாதில் பிறந்த பிள்ளை அவ்வூரைக் கண்டிருக்கமாட்டான். அந்த எழுத்து எதற்கு என்று கேட்டால் பலருக்கு விடை தெரியாது. காணாத ஊரின் பெயரைச் சுமப்பது வீண் சுமையா என்று சில இளைஞர் வினவுகின்றனர். கண்டால்தான் ஊரின் பெயரைக் காக்க முடியும் என்பதில்லை. உடன் வந்தவரைக் கைவிடாதிருந்தாலே போதும் என்பது அக்கப்பல் தரும் விடை.

நம் ஊர்களின் எல்லையில் ஐயனார் குதிரைமீது அமர்ந்திருக்கிறார். ஊருக்குள் இருக்கும் கோயில்களுக்கு நாள்தோறும் பூசை. அவருக்கோ ஆண்டுக்கொருமுறை பொங்கல். ஆயினும் ஊர் அச்சமின்றி உறங்குவது அவர் விழித்திருக்கிறார் என்ற நம்பிக்கையால். நமக்கு முன் இந்நகருக்கு வந்த பெரியவர்களுள் அத்தகையோர் பலர். புதிதாக வந்தவனை ரயில் நிலையத்தில் எதிர்கொண்டு, தம் வீட்டுத் திண்ணையில் இடங்கொடுத்து, மொழி தெரியாத அலுவலகத்துக்கு உடன் சென்று, அவன் காலூன்றியபின் ஒதுங்கிக்கொண்டவர்கள். அவர்கள் பெயர் எக்கல்லிலும் பொறிக்கப்படவில்லை. அவர்களால் கரைசேர்ந்தவர்கள் நாம்.

ஆகையால் அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் இரண்டு. இன்றிரவு உணவு வேளையில் பிள்ளைகளுக்கு அவர்தம் முதலெழுத்தின் பொருளைச் சொல்லுங்கள். அடுத்த முறை செகந்தராபாத் நிலையத்தில் தமிழ் பேசும் புதுமுகம் ஒன்று வழி தெரியாது விழித்து நின்றால், அருகில் சென்று எந்த ஊர் என்று கேளுங்கள். அவர் போய்ச்சேரும் வரை உடன் நடந்து செல்லுங்கள்.