சந்தைக்கு ஒரு நீதி, கடைத்தொகுதிக்கு ஒரு நீதியா?

கொழும்பில் வாகன நெரிசல் என்றதும் அதிகாரிகளின் கண்ணிற் பட்டவர் யார்? மரக்கறி மூட்டைகளுடன் விடியுமுன் புறக்கோட்டைக்கு வந்துநின்ற லொறிக்காரர்! மனிங் சந்தை பேலியகொடைக்குப் பெயர்க்கப்பட்டது. 2020 நவம்பரில் அங்கே புதிய சந்தை திறந்துவைக்கப்பட்டது. நகரின் நெரிசலைக் குறைத்தல் அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று. அந்நியாயத்தை நாம் முற்றாக மறுக்கவில்லை. ஆனால், அதற்கு ஓராண்டு முன்னர்தானே, 2019 நவம்பரில், காலிமுகத்தில் மாபெரும் கடைத்தொகுதி திறக்கப்பட்டது? வெங்காயம் ஏற்றிய லொறி நெரிசலை உண்டாக்குமாம். கடைத்தொகுதியின் வாயிலில் வரிசைகட்டும் மோட்டார் வண்டிகள் உண்டாக்கமாட்டாவோ?

“தரிப்பிடம் அமைத்திருக்கின்றோமே” என்பர். தரிப்பிடம் நெரிசலுக்கு மருந்தன்று. இடமுண்டு என்றறிந்தால் பஸ்ஸில் வரக்கூடியவரும் காரில் வருவர். அந்த வரிசையின் வால் பொதுவீதியிலேயே நீளும். கட்டுமுன் அறிக்கைகள் கேட்கப்படலாம். திறந்த பின்னர் அவற்றை எடுத்துப் பார்ப்பவர் யார்?

பிலிப்பைன்ஸின் மணிலா மாநகரில் இத்தகைய தாட்சணியம் காட்டப்படவில்லை. 2022 இல், நத்தார்க்கால நெரிசலை முன்னிட்டு, கடைத்தொகுதிகள் வார நாள்களில் காலை 11 மணிக்கே திறக்கவும், சரக்குகள் இரவு 11 முதல் அதிகாலை 5 வரை மட்டுமே இறக்கப்படவும் அம்மாநகர அபிவிருத்தி அதிகாரசபை ஏற்பாடு செய்தது. பழுதடையும் உணவுப் பொருள்களுக்கு விலக்களித்தது. நம் கமக்காரர் இதனைக் கவனிக்க! மணிலாவில் நெரிசல் ஒழிந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அந்நகரை அறிந்தவர் நகைப்பர். கூட்டத்தால் இலாபமடைபவனும் வீதிக்குப் பொறுப்பாளியே என்பதை அங்கு ஏற்றுக்கொண்டனர். அவ்வளவுதான்.

இங்கே சட்டமில்லையா? 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம், திருத்தங்களுடன், கட்டிட அனுமதிக்கு நிபந்தனை விதிக்க இடந்தருகின்றது. சரக்கிறக்கும் நேரத்தையும், வாகன வரிசை தம் காணிக்குள்ளேயே நிற்கவேண்டும் என்பதையும், பஸ் தரிக்க நிலம் ஒதுக்குவதையும் நிபந்தனையாக எழுதுவதற்குத் துணிவு ஒன்றே வேண்டும்.

இஃது கொழும்பின் தலையிடி என்று நம்மவர் வாளாவிருத்தல் ஆகாது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் 2013 இல் பலமாடிக் கடைத்தொகுதி எழுந்தது. நோயாளரைச் சுமந்த வண்டிகள் போதனா வைத்தியசாலைக்கு ஓடுவதும் அவ்வீதியிலேதான். அடுத்த விண்ணப்பம் மாநகர சபைக்கு வரும்போது, சரக்கு லொறி எங்கே, எந்நேரம் நிற்கும் என்று நம் உறுப்பினர் கேட்கவேண்டும். எழுத்தில் விடை வராதவரை ஒருவரும் கையுயர்த்தலாகாது.