தெரு மாநகராட்சிக்கு, வயர் டெல்லிக்கு!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணி. சென்னையில் ஏதோ ஒரு தெரு. டி.வி. திரையில் 'சிக்னல் இல்லை' என்று ஒரு நீலக் கட்டம். வீட்டுக்காரர் கேபிள்காரருக்கு போன் போடுகிறார். ரிங் போகிறது, எடுக்க ஆளில்லை. நாலாவது தடவை எடுத்த பையன், "லைன்ல வேலை நடக்குது சார், ஒன் அவர்ல வந்துடும்" என்கிறான். அந்த 'ஒன் அவர்' செவ்வாய்க்கிழமைதான் முடிகிறது. ஆனால் மாதம் பிறந்ததும் பணம் வாங்க மட்டும் அதே பையன் டாணென்று காலிங் பெல்லை அடித்துவிடுகிறான்! மூன்று நாள் படம் வரவில்லையே, அதைக் கழித்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டால் ஒரு சிரிப்பு. ரசீது கேட்டால் இன்னும் பெரிய சிரிப்பு.

சரி, யாரிடம் போய்ச் சொல்வது? குப்பை அள்ளவில்லை என்றால் மாநகராட்சி. தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் மாநகராட்சி. கேபிள் வயர் தொங்குவதும் அதே தெருவிளக்குக் கம்பத்தில்தானே? அந்த நம்பிக்கையில் கவுன்சிலரைப் பிடித்துக் கேட்டால், "அது நம்ம கையில இல்லைம்மா" என்கிறார். அரசியல்வாதி சொன்னால் பொய்யாகத்தான் இருக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சத்தியமான உண்மை!

அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் 31வது இனம் தபால், தந்தி, தொலைபேசி, ஒலிபரப்பு எல்லாவற்றையும் டெல்லியிடம் கொடுத்திருக்கிறது. அதன்படி வந்ததுதான் 1995ம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம். அந்தச் சட்டப்படி கேபிள்காரர் எங்கே போய்ப் பதிவு செய்ய வேண்டும் தெரியுமா? தலைமைத் தபால் நிலையத்தில்! சட்டத்தை மீறினால் நடவடிக்கை எடுக்கும் அதிகாரிகள் யார் யார் என்று பார்த்தால் மாவட்ட ஆட்சியர், கோட்ட அதிகாரி, போலீஸ் கமிஷனர். 1688ல் தொடங்கிய, நாட்டிலேயே பழைய மாநகராட்சிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

தபால் நிலையமாவது பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருந்தது. 2025 ஜனவரியில் அதுவும் போயிற்று. இப்போது பதிவு முழுக்க ஆன்லைனில், நேராக டெல்லியில் இருக்கும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம். கேபிள்காரருக்கு அலைச்சல் மிச்சம், நல்லதுதான். ஆனால் அடுத்த தெருவில் இருக்கிற ஆளின் அனுமதிச் சீட்டு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது.

டிராய் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. 2004 முதல் கேபிளும் அதன் வரம்பில்தான். கட்டணம் எவ்வளவு, சேவை எப்படி இருக்க வேண்டும் என்று அது பக்கம் பக்கமாக விதி போடுகிறது. ஆனால் தனிநபர் புகாரை விசாரிப்பது அதன் வேலையில்லை. மேலே உள்ள தீர்ப்பாயமும் ஒரு கூட்டமாகச் சேர்ந்து வரும் நுகர்வோரைத்தான் கேட்கும். ஒற்றை ஆள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். மாதம் இருநூறு, முந்நூறு ரூபாய் சமாசாரத்தில் மூன்று நாள் படம் வராததற்கு எந்த அப்பாவி லீவு போட்டுவிட்டு கேஸ் நடத்தப் போகிறார்? இது அவர்களுக்கும் தெரியும், கேபிள்காரருக்கும் தெரியும். அதனால்தான் அந்தச் சிரிப்பு!

டெல்லி முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு சென்னையைவிட நல்ல சாட்சி கிடையாது. 2003ல் 'கேஸ்' என்று ஒரு திட்டம் வந்தது. கட்டணச் சேனல் வேண்டுமானால் செட்டாப் பாக்ஸ் வாங்கு, இல்லாவிட்டால் மாதம் 72 ரூபாயும் வரியும் கட்டிவிட்டு இலவசச் சேனல்களோடு இரு என்றார்கள். நான்கு பெருநகரங்களுக்கு என்று சொன்ன திட்டம், கடைசியில் அந்த வருடம் செப்டம்பரில் சென்னையின் தலையில் மட்டும் விடிந்தது. மற்ற மூன்று ஊர்களுக்கு அது போய்ச் சேர 2006 டிசம்பர் 31 ஆயிற்று. பெரும்பாலான சென்னை வீடுகள் பெட்டியே வாங்கவில்லை. பிடித்த சேனல்களை இழந்துவிட்டு உட்கார்ந்திருந்தன. இதற்கு முன்னால் மாநகராட்சி மன்றத்தின் சம்மதம் தேவைப்பட்டதா? இல்லை.

2019ல் புதுக் கட்டண முறை வந்தது. ஒரு கட்டணச் சேனலும் பார்க்காமலே, 100 சேனலுக்கு 130 ரூபாயும் 18 சதவீத வரியும் சேர்த்து 153 ரூபாய் 40 பைசா வரை வாங்கலாம் என்றார்கள். 2024ல் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். போட்டி இருக்கிறது, சந்தையே விலையைப் பார்த்துக்கொள்ளும் என்பது வாதம். பல தெருக்களில் இருப்பது ஒரே ஒரு கேபிள்காரர். அங்கே சந்தை எங்கே இருக்கிறது?

மாநில அரசு சும்மா இருந்ததா என்றால் இல்லை. அது காவலாளி ஆவதற்குப் பதில் கடைக்காரர் ஆனது! 2007ல் கருணாநிதி ஆட்சியில் அரசு கேபிள் டி.வி. கழகம் பிறந்தது, கொஞ்ச நாளில் சுருண்டது. 2011ல் ஜெயலலிதா அதைத் தட்டி எழுப்பி மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தார். ஏழை வீடுகளுக்கு அது பெரிய உதவி, மறுக்கவே முடியாது. ஆனால் வீட்டு வாசல் வரை வருவது அதே உள்ளூர் ஆபரேட்டரின் வயர்தான், போன் எடுக்காததும் அதே ஆள்தான். 2022 நவம்பரில் அரசு கேபிள் பெட்டிகளே லட்சக்கணக்கில் நின்றுபோனபோது மக்கள் யாரிடம் முறையிட்டார்கள்? அதே அரசிடம். கடைக்காரரே நாட்டாமையாகவும் இருந்தால் எடைக்கல்லை யார் சரிபார்ப்பது?

மாநகராட்சிக்கு இதில் ஒரே ஒரு வேலை மிச்சமிருக்கிறது. வயரை வெட்டுவது! அனுமதி வாங்கவில்லை, மரத்தில் சுற்றியிருக்கிறார்கள், ஆள் தலையில் தட்டுகிறது என்று அவ்வப்போது வந்து வெட்டுகிறார்கள். வெட்டியது சரிதான். ஆனால் தப்பு செய்தவர் கேபிள்காரர், இருட்டில் உட்காருவது மாதாமாதம் ஒழுங்காகப் பணம் கட்டிய குடும்பம். இது என்ன நியாயம்?

அமெரிக்காவில் இதை வேறு மாதிரி செய்தார்கள். கேபிள் கம்பெனி தெருவில் வயர் இழுக்க வேண்டுமானால் முதலில் நகராட்சியோடு, சில மாநிலங்களில் மாநில அரசோடு, ஒப்பந்தம் போட வேண்டும். கேபிள் வருமானத்தில் 5 சதவீதம் வரை நகரத்துக்கு வாடகை மாதிரி வரும். வாடிக்கையாளர் போன் செய்தால் சாதாரண நாட்களில் 90 சதவீத அழைப்புகளை 30 விநாடிக்குள் எடுக்க வேண்டும் என்று மத்திய விதி சொல்கிறது, அதை அமல்படுத்தும் உரிமை நகரத்துக்கு உண்டு. அங்கேயும் எல்லாம் தேனும் பாலும் இல்லை. விலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கப்பட்டு, 2015க்குப் பிறகு பெரும்பாலான நகரங்களிடம் இல்லாமலே போய்விட்டது. அங்கே உள்ள கவுன்சிலரும் விலையைப் பற்றிக் கேட்டால் கையைத்தான் விரிக்கிறார். ஆனாலும் தெரு தன்னுடையது, அதில் வயர் போட்டால் இன்ன நிபந்தனை என்று எழுதி வாங்க ஒரு இடம் இருக்கிறது. சென்னைவாசிக்கு அந்த இடமே இல்லை.

கவுன்சிலரிடம் அதிகாரம் கொடுத்தால் மாமூல்தான் பெருகும் என்று உடனே ஒரு குரல் கிளம்பும். நியாயமான பயம். ஆனால் இப்போது மாமூலே இல்லையா? எழுதாத அதிகாரம்தான் மாமூலின் தாய்வீடு. எழுதி, கம்பத்தில் ஒட்டி, எல்லோரும் பார்க்கிற நிபந்தனையில் பேரம் பேசுவது கஷ்டம். இன்னொரு குரல், கேபிள் பிடிக்காவிட்டால் டி.டி.எச். வாங்கு, ஓ.டி.டி. பார் என்று சொல்லும். மொட்டை மாடிக்கு உரிமையில்லாத வாடகை வீட்டுக்காரரிடமும், ரிமோட்டில் இரண்டு பட்டன் மட்டும் தெரிந்த பாட்டியிடமும் அதைப் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும். தவிர, பல தெருக்களில் இன்டர்நெட்டும் இப்போது அதே கேபிள்காரர் வயரில்தான் வருகிறது.

கேட்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. நிகழ்ச்சியையும் விலையையும் டெல்லியே வைத்துக்கொள்ளட்டும். தெரு மாநகராட்சியுடையது. கம்பத்தில் வயர் கட்ட அனுமதி வேண்டுமா? வயரில் ஆபரேட்டர் பெயரும் போன் நம்பரும் இருக்க வேண்டும். படம் வராத நாளுக்குப் பணம் கழிக்க வேண்டும். வாங்கிய காசுக்கு ரசீது கொடுக்க வேண்டும். இரண்டாவது ஆபரேட்டர் வந்தால் வயரை அறுக்கக் கூடாது. 200 வார்டுகளிலும் ஒரு புகார்ப் பதிவேடு இருக்க வேண்டும். ஒரு வருடப் புகாரைப் பார்த்துவிட்டுத்தான் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். ஒழுங்காகத் தொழில் செய்யும் சின்ன ஆபரேட்டருக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. இதற்கு டெல்லிச் சட்டம் இடம் தராது என்றால், சட்டத்தில் நாலு வரி சேர்க்கச் சொல்லி மாநகராட்சி மன்றமே தீர்மானம் போட்டு அனுப்பட்டும். அதைப் போட யாருடைய அனுமதியும் வேண்டாம்.

அதுவரை "நம்ம கையில இல்லைம்மா" என்பது உண்மையாகவே இருக்கும். ஆனால் கையில் இல்லாததைக் கேட்டு வாங்க வாயில்லாமல் போனது யார் குற்றம்?