குடும்பக் கணக்கு: கைக்காசா, தவணைக் காசா?

வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இவ்வாரம் என் மேசைமீது இருக்கிறது. நான்கு பக்கங்கள் கொண்ட கடிதம்; அதில் கணக்கு ஒரு பக்கம், கவலை மூன்று பக்கம். பெயரை வெளியிட வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டிருப்பதால் செய்தியை மட்டும் சுருக்கித் தருகிறேன். இவருக்கு நேர்ந்திருக்கும் தடுமாற்றம் நம்மிற் பலருக்கும் பொதுவானதே.

அவருடைய கணவர் முப்பத்து நான்கு ஆண்டுகள் வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களிற் கடமையாற்றி ஓய்வு பெற்றவர். உலகத் துறைமுகங்கள் பலவற்றைக் கண்ட அவர், மனைவியோடு சேர்ந்து கண்டவை செல்வச்சந்நிதியும் நல்லூரும், ஒரே ஒருமுறை கதிர்காமமும் மட்டுமே. "இனியாவது இருவருமாக நாட்டைச் சுற்றிப் பார்ப்போம்" என்று சொல்லி, உள்ளே படுக்கையும் சிறு அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் பொருத்திய ஒரு வானைப் பார்த்து வந்திருக்கிறார். விலை 80 இலட்சம் ரூபா. வங்கியில் நிலையான வைப்பாக அவர்களிடம் உள்ளதும் அதே 80 இலட்சம். நூற்றுக்கு 8 வீதப்படி மாதம் 53,000 ரூபா அளவில் வரும் வட்டியே இன்று அவ்வீட்டின் அடுப்பை எரிக்கிறது. கனடாவிலுள்ள மகன் இடையிடையே ஏதேனும் அனுப்புவார்.

முழுத்தொகையையும் கைக்காசாகக் கொடுப்பதா, அல்லது பாதியைக் கொடுத்து மீதிக்கு லீசிங் எடுப்பதா என்பதே கேள்வி. லீசிங் எடுத்தால் சகோதரி பிணையாகக் கையெழுத்திட வேண்டுமாம். கடிதத்தின் கடைசி வரி இது: "எனக்கும் போக ஆசைதான், ஆனால் கையெழுத்துப் போடப் பயமாக இருக்கிறது."

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவருடைய ஆசையை வீண் ஆசையென்று எவரும் இகழ வேண்டாம். வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கடலுக்குக் கொடுத்த ஒருவர், எஞ்சிய நாட்களை மனைவியோடு கழிக்க விரும்புவது போற்றத்தக்கதே. ஆராய வேண்டியது ஆசையை அன்று. அதற்கு விலை செலுத்தும் வழியை.

வான் விற்பவர் சொன்ன கணக்கைச் சகோதரி அப்படியே எழுதியிருக்கிறார். 40 இலட்சத்துக்கு லீசிங். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 8 வீதம். தவணை 60 மாதம். ஐந்தாண்டு வட்டி 16 இலட்சம். வங்கியில் விட்டுவைக்கும் 40 இலட்சமும் அதே 8 வீதப்படி ஐந்தாண்டில் 16 இலட்சம் ஈட்டும். "சரிக்குச் சரி, அம்மா, வான் உங்களுக்கு வட்டியில்லாமற் கிடைக்கிறது" என்றாராம்.

கேட்பதற்கு இனிக்கும் இக்கணக்கில் ஒரு பெரும் பள்ளம் மறைந்திருக்கிறது. மாதத் தவணை 93,333 ரூபா. அதில் ஒரு பகுதி முதலுக்குச் செல்வதால், கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் வட்டியோ குறைவதில்லை. முதல் நாளில் இருந்த 40 இலட்சத்துக்கே கடைசி வரையில் அறவிடப்படுகிறது. அறுபதாம் மாதத்தில் மிஞ்சியிருக்கும் முதல் 66,667 ரூபா மட்டுமே. அந்த ஒரு மாதத்துக்கும் 26,667 ரூபா வட்டி! குறைந்துவரும் நிலுவைக்கு வட்டி கணிக்கும் வங்கி முறைப்படி பார்த்தால், இந்த 8 வீதம் உண்மையில் ஏறத்தாழ 14 வீதமாகும். கொடுப்பது 14, பெறுவது 8 எனின் அது எங்ஙனம் சரிக்குச் சரியாகும்?

இன்னொரு வகையாகவும் பார்க்கலாம். விட்டுவைத்த 40 இலட்சத்திலிருந்தே மாதத் தவணையைக் கட்டுவதாகவும், வீட்டுச் செலவுக்கு அதிலிருந்து ஒரு சதமும் எடுக்கவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். வட்டியும் முதலுமாக அப்பணம் 50 தவணைகளுக்கே போதும்; 51 ஆம் தவணைக்குப் பற்றாது. வைப்பு முற்றாக வற்றிய பின்னரும் ஒன்பது தவணைகள் முழுதாக நிற்கும். சமையலறைக்கு அந்த ஐந்தாண்டும் காசு எங்கிருந்து வரும் என்பதை வான் விற்பவர் சொல்லவில்லை. சொல்வது அவர் வேலையுமன்று.

வைப்பு வட்டி என்றும் எட்டாகவே நிற்கும் என்பதற்கும் உறுதியில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியதை நாம் மறக்கவில்லை. அதன்பின் 20 வீதத்துக்கு மேல் வைப்பு வட்டி வாங்கியவர்கள், 2024 இல் அதிற் பாதியும் பெறவில்லை. 2025 ஏப்ரல் முதல் வட்டியில் நூற்றுக்கு 10 வீதத்தை வங்கியே வரியாகக் கழிக்கத் தொடங்கியது. வருமானம் குறைந்தவர்கள் உரிய பிரகடனம் கொடுத்தாலன்றி அதற்குத் தப்ப இயலாது. வருவது இப்படி ஏறியிறங்க, கட்டவேண்டிய தவணை மட்டும் ஐந்தாண்டும் அசையாது நிற்கும்.

"அப்படியாயின் கைக்காசு கொடுத்துவிடலாமே" என்பீர்கள். பொறுங்கள். 80 இலட்சத்தையும் கொடுத்தால் கடன் இல்லைதான். ஆனால் மாதம் 53,000 ரூபாவும் இல்லை. ஆண்டொன்றுக்கு 6 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா வட்டி கைவிட்டுப் போகும். ஆண்டில் 40 நாட்கள் பயணம் செய்வீர்களென்று வைத்தால், இழந்த வட்டி மட்டுமே நாளொன்றுக்கு 16,000 ரூபா! எரிபொருள், காப்புறுதி, வருமான வரிப்பத்திரம், டயர், திருத்தவேலை யாவும் இதற்குப் புறம்பு. மீதி 325 நாளும் வான் உப்புக் காற்றில் நின்று துருப்பிடிக்கும். யானையைக் கட்டித் தீனி போடுவதென்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். இதைவிட முக்கியமானது, நாளை ஒரு சத்திரசிகிச்சை என்று வந்தால் வானின் கதவைக் கழற்றி வைத்தியசாலையிற் கொடுக்க முடியாது என்பதே.

கடன் வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த நமது தேசவழமையில் ஒற்றி என்றொரு முறை உண்டு. காசு கொடுத்தவர் காணியின் விளைவை வட்டிக்குப் பதிலாக அனுபவிப்பார். கடனுக்குப் பின்னால் விளைவு தரும் ஒரு பொருள் நிற்கவேண்டும் என்பதே அதன் உட்கருத்து. மீன்பிடிப் படகுக்கும், உழவு இயந்திரத்துக்கும், வாடகைக்கு ஓடும் வண்டிக்கும் கடன் படலாம். அவை உழைத்துத் தம் கடனைத் தாமே அடைக்கக்கூடும். உல்லாச வண்டி உழைப்பதில்லை, உழைத்ததை உண்பது.

இதற்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையே சாட்சி. அங்கே உள்ளூர்த் தச்சர்களின் கைவண்ணத்தில் உருவான பாய்க்கப்பல்கள் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் சரக்கேற்றி ஓடின. ஓடிய ஒவ்வொரு பயணமும் கூலி ஈட்டியது. அவற்றுள் 'அன்னபூரணி' என்ற கப்பலை, சிறு படகில் உலகைச் சுற்றி வந்த அமெரிக்கரான வில்லியம் ஆல்பேர்ட் ராபின்சன் விரும்பி வாங்கினார். 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்ற புதுப்பெயருடன், வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்த, அது 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அந்த வீரச்செயலை ஊரார் இன்றும் பெருமையோடு பேசுகிறார்கள். நான் கவனிப்பது வேறொன்றை. கப்பல் அதேதான், மரமும் பாயும் அவைதான். சரக்கேற்றியபோது அது உடையவரைத் தாங்கியது. கடற்பயண வேட்கைக்காக ஓடியபோது உடையவர் அதைத் தாங்கவேண்டியிருந்தது. எனவே பொருள் ஒன்றாயினும், அது உழைக்குமா உண்ணுமா என்பதைக் கண்டே கடன் படுவதா என்று தீர்மானிக்க வேண்டும்.

"வாகனத்தின் விலை குறையாது, பிறகு விற்றாலும் இலாபம்தான்" என்று அவருடைய மைத்துனர் சொல்கிறாராம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்கள் வாங்கிய விலைக்கு மேலும் விலைபோனது உண்மை. பஞ்சகாலத்து விலையை நியதியென்று நம்பிக் கடன் படுவது பேதைமை. வழமையான காலத்தில் வாகனம் ஆண்டுக்கு ஆண்டு தேய்வதே இயல்பு.

இனிக் கையெழுத்தைப் பற்றி. சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. பிணைக் கையெழுத்து என்பது சாட்சிக் கையெழுத்தன்று. தவணை தவறினால் நிலுவை முழுவதற்கும் உங்களிடம் வர அது வழிவிடுகிறது. 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின்படி லீசிங் எடுத்த வாகனத்தின் உரிமை நிறுவனத்துக்கே உரியது. ஓட்டுபவர் நீங்கள், உடையவர் அவர்கள். உங்கள் கணவருக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் ஒப்பந்தம் தானாக ஒழியாது. மிச்சக் கடனை ஆயுட்காப்புறுதி ஏற்குமா என்பதை எழுத்தில் வாங்காமல் எவரும் இத்தகைய பத்திரத்தில் பேனா வைக்கலாகாது. "மகன் மாதாமாதம் அனுப்புவான்" என்பதையும் நம்பி இறங்க வேண்டாம். மகனுக்கு அங்கே தன் வீட்டுக் கடன் இருக்கும். அவன் அன்பு மாறாவிடினும் அவன் வேலை மாறலாம்.

ஆகவே இருவருக்கும் நான் சொல்லும் யோசனை இது. முதலாவதாக, 80 இலட்சத்தில் 72 இலட்சத்தைத் தொடாதிருங்கள். 8 இலட்சத்தை மட்டும் 'பயணப் பணம்' என்று வேறு கணக்கில் இடுங்கள். அதனால் வட்டியில் மாதம் 5,300 ரூபா அளவில் குறையும், அதைத் தாங்கலாம். வைப்பு முதிர்வடையும் நாளிலேயே பிரியுங்கள். இடையில் முறித்தால் வட்டி குறையும். இரண்டாவதாக, அந்தப் பணத்தில் ஒரு வானை வாடகைக்கு அமர்த்தித் திருகோணமலைக்கோ நுவரெலியாவுக்கோ பத்து நாள் போய்வாருங்கள். வண்டியில் உறங்குவது உடலுக்கு ஒத்துவருமா, இரவில் நெடுந்தூரம் ஓட்டக் கண்ணுக்கு முடியுமா என்பன அப்போது தெரியும். ஆழம் அறிந்த பின்னர் காலை விடலாம். மூன்றாவதாக, இரண்டு மூன்று பயணங்களின் பின்னரும் சொந்த வண்டியே வேண்டுமென்று தோன்றினால், கைப்பணத்திற் கால்பங்குக்கு மேற்படாத பழைய வண்டி ஒன்றைக் கைக்காசுக்கு வாங்குங்கள். படுக்கையை ஊர்த் தச்சரே செய்து தருவார். அந்த விலைக்கு நல்ல வண்டி அகப்படாவிட்டால், வாடகை வண்டியே போதும். சிறிது காலத்துக்குச் சிறு தொகை குறைந்தால், லீசிங்கை நாடாமல் வைப்பின் பேரில் வங்கியிற் கடன் கேளுங்கள். பெரும்பாலும் வைப்பு வட்டியைவிடச் சில வீதமே கூடுதலாக இருக்கும்.

உங்கள் கணவருக்கு இதை அவருடைய தொழிலிலிருந்தே எடுத்துச் சொல்லலாம். ஒவ்வொரு சரக்குக் கப்பலின் பக்கத்திலும் ஒரு சுமைக்கோடு தீட்டியிருக்கும். அளவுக்கு மீறிப் பாரமேற்றி மாலுமிகளைக் கடலுக்குப் பலிகொடுத்த முதலாளிகளை எதிர்த்து, சாமுவேல் பிலிம்சோல் என்பவர் போராடியதன் பயனாக 1876 இல் பிரித்தானியச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. கோடு நீருள் அமிழுமாயின், துறைமுகத்தில் எத்தனை சரக்குக் காத்திருந்தாலும் ஏற்றுவதை நிறுத்திவிடுவார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் அக்கோட்டைப் பார்த்தவருக்கு, வீட்டுக்கும் ஒரு கோடு உண்டென்பதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டின் கோடு அந்த 72 இலட்சம்.

பத்திரத்திற் கையெழுத்திட வேண்டாம், சகோதரி. பயணத்துக்குப் புறப்படத் தயங்கவும் வேண்டாம். தைப்பொங்கலன்று உங்கள் ஊர்க் கடற்கரையில் நடக்கும் பட்டத் திருவிழாவைப் பார்த்துவிட்டு, மழை ஓய்ந்ததும் கிளம்புங்கள். முதற் பயணம் எப்படி இருந்ததென்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.