கைப்பிரதிக்கு ஒரு திரை

நம் இதழுக்கு மூத்த அன்பர்கள் இன்றும் கைப்பட எழுதித்தான் அனுப்புகிறார்கள். அதை ஸ்கேன் செய்து, ஒரே திரையில் கைப்பிரதியையும் மெய்ப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் வரி விடுபடாமல் என்ன செய்யும்? கெட்ட பெயரோ எழுதியவருக்கு! பக்கத்தில் இன்னொரு மானிட்டர் வைப்பது ஆடம்பரம் என்பதை நான் ஏற்கமாட்டேன். ஒரே கணினிக்கு இரு திரை என்பது விண்டோஸில் 1998-லேயே வந்தாயிற்று. புதுக் கணினி தேவையில்லை. பின்புறம் இரண்டு திரைகளுக்கு இணைப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். விண்டோஸ் விசையோடு 'பி'யை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' கொடுக்க வேண்டும். 'டூப்ளிகேட்' கொடுத்தால் இரண்டிலும் ஒரே காட்சிதான், பயனில்லை. பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் நேரு பிளேஸ் கடைகளில் அடாப்டர் கிடைக்கும். உங்கள் பரணில் ஒன்று தூங்குகிறதா? சங்கத்துக்குத் தாருங்களேன்.