நிறுத்தும் அதிகாரம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சீட் பெல்ட் அணியாதவருக்கு 25 டாலர் அபராதம் உண்டு என்றாலும், அந்த ஒரு குற்றத்துக்காகப் போலீசார் வண்டியை நிறுத்த முடியாது. அதிவேகத்துக்கோ சிக்னலை மீறியதற்கோ நிறுத்திய பிறகுதான் பெல்ட்டுக்கும் சேர்த்து அபராதம் எழுதலாம். இதை இரண்டாம் நிலை அமலாக்கம் என்றும், பெல்ட் இல்லாததைக் கண்டவுடனேயே நிறுத்த இடம்தருவதை முதன்மை அமலாக்கம் என்றும் பிரித்துச் சொல்வர். 1985இல் இயற்றப்பட்டு, மறு ஆண்டே மக்கள் வாக்கெடுப்பில் நீக்கப்பட்டு, 1994இல் மீண்டும் வந்த இச்சட்டத்தை முதன்மை அமலாக்கத்துக்கு உயர்த்த ஆளுநர் சார்லி பேக்கர் 2019இலும் 2021இலும் முன்வைத்த யோசனைகள் நிறைவேறவில்லை.

பெல்ட் உயிர் காக்கும் என்பதில் எதிர்ப்பாளர்களுக்கும் ஐயமில்லை. முன் இருக்கையில் இருப்பவர் இறக்கும் அபாயத்தை அது ஏறத்தாழ 45 விழுக்காடு குறைக்கிறது என்பது நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீடு. எதிர்ப்பாளர்கள் அஞ்சுவது வண்டி நின்ற பிறகு நடப்பதைக் கண்டுதான். விதிமீறல் நடந்திருந்தால் போதும், காவலரின் உள்நோக்கம் எதுவாயினும் வண்டியை நிறுத்தியது செல்லும் என்று விரென் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தபின், கறுப்பின ஓட்டுநரைச் சோதனையிட விரும்பும் காவலருக்குத் தோளில் பட்டை தெரியவில்லை என்ற சாக்கே போதுமானதாகிவிடும். டெக்சாஸின் லாகோ விஸ்டாவில், தாமும் இரு குழந்தைகளும் பெல்ட் அணியாமல் சென்றதற்காக ஒரு தாய்க்குக் கைவிலங்கு பூட்டி, காலணி, நகை, மூக்குக்கண்ணாடி ஆகியவற்றைக் கழற்றச் செய்து, ஒரு மணி நேரம் போலப் பூட்டிவைத்தனர். அந்தக் குற்றத்துக்கான உச்ச தண்டனையோ 50 டாலர் அபராதமே. அக்கைது அரசமைப்புக்கு முரணன்று என்று அதே நீதிமன்றம் 2001இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முடிவு செய்தது.

ஆகவே, உயிரைக் காக்கும் சட்டத்தை எதிர்க்கலாமா என்று முதன்மை அமலாக்கத்தின் ஆதரவாளர்கள் கேட்பது, கேள்வியை வேறிடத்துக்குத் தள்ளுவதே. அதிகாரத்தைக் கொடுக்கும் பிரிவுக்கு அருகிலேயே அதன் வரம்பும் எழுதப்பட்டிருக்கிறதா என்பதே பார்க்கத்தக்கது. வர்ஜீனியா எதிர்த்திசையில் சென்று, 2021 மார்ச் முதல், கண்ணாடியில் ஒட்டிய கருந்தாள், பின்பார்வைக் கண்ணாடியில் தொங்கும் பொருள் போன்றவற்றுக்காக மட்டும் வண்டியை நிறுத்துவதைத் தடைசெய்தது. தடையை மீறி நிறுத்திக் கிடைத்த சான்று, ஓட்டுநர் சோதனைக்கு இசைந்திருந்தாலும், நீதிமன்றத்தில் செல்லாது என்றது. வெறும் அறிவுரையாக நின்றுவிடாமல் காவலரின் கையைக் கட்டுவது இந்தக் கடைசி விதிதான்.

மாசசூசெட்ஸ் சட்டமன்றமோ, வண்டி ஓட்டுகையில் கைப்பேசியைக் கையில் பிடிப்பதைத் தடுக்கும் சட்டத்தை 2019இல் நிறைவேற்றியபோது, ஓட்டுநர்களின் இன விவரத்தைத் திரட்டி ஆராயும் ஏற்பாட்டையும் நீண்ட இழுபறிக்குப் பின் அதிலேயே சேர்த்தது. ஆனால் அந்தக் கணக்கு அபராதச் சீட்டையும் எழுத்துமூல எச்சரிக்கையையும் நம்பியிருப்பதால், நிறுத்தி, விசாரித்து, சீட்டு எதுவும் எழுதாமல் வாய்மொழியாகவே அனுப்பிவைத்த ஓட்டுநர் அதில் இடம்பெறுவதில்லை.