சான்றிதழும் சாட்சியமும்



மதரஸாக் கல்வியை நிறைவு செய்த இளைஞர்களும், இல்லத்திலிருந்தே பொருளீட்ட விரும்பும் பெண்களும் இன்று இணையவழியில் வலைப்பக்க வடிவமைப்புக் கற்று வருகின்றனர். இது வரவேற்கத்தக்கது. ஆயினும், அப்படிப்புகளில் தேர்ச்சி எவ்வாறு அளவிடப்படுகிறது என்பதை நம்மில் பெரும்பாலோர் ஆராய்வதில்லை. மதிப்பெண் என்பது ஒருவரின் திறமை குறித்துப் பிறருக்குச் சொல்லப்படும் சாட்சியம். அது எதற்குச் சாட்சி சொல்கிறது, எதற்குச் சொல்லவில்லை என்பதை அறிந்துகொள்வது அவசியமாகும்.

இலவசமாகக் கற்பிக்கும் ஃப்ரீகோட்கேம்ப் தளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் 2022 வலை வடிவமைப்புப் பாடத்திட்டத்தில் சான்றிதழ் பெற ஐந்து செயல்திட்டங்களை முடிக்க வேண்டும். அவற்றுள் ஒன்று கருத்துக்கணிப்புப் படிவம். பெயருக்கும் மின்னஞ்சலுக்கும் கட்டாயக் கட்டங்கள் உள்ளனவா, தெரிவுப் பட்டியல் உள்ளதா, சமர்ப்பிக்கும் பொத்தான் உள்ளதா எனக் கணினியே சோதிக்கிறது. எல்லாச் சோதனைகளிலும் தேறினால் வெற்றி. ஒன்றில் தவறினாலும் திருத்தி மீண்டும் முயல வேண்டும். இதில் பாரபட்சத்திற்கு இடமில்லை. செல்வந்தர் வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே அளவுகோல்தான். எத்தனை முறை தவறினாலும் கடிந்துகொள்வாரில்லை. இந்த நீதியை நாம் மனமாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால், கணினி எண்ணக்கூடியதையே எண்ணுகிறது. வெளிர்சாம்பல் பின்னணியில் வெண்ணிற எழுத்தை வைத்தாலும் அப்படிவம் தேறிவிடக்கூடும். பார்வை குன்றிய முதியவரோ அதைப் படிக்க இயலாமல் தவிப்பார். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற வேறுபாடு வேண்டும் என உலகளாவிய வலை அணுகல் நெறிமுறைகள் வகுத்துள்ளன. தமிழ்ப் பக்கத்தின் நடுவே ஒரு துஆவை அரபியில் இடும்போது, அப்பகுதி வலமிருந்து இடமாகச் செல்வது என்பதைக் குறியீட்டில் உணர்த்த வேண்டும்; தவறினால் நிறுத்தற்குறிகளும் எண்களும் இடம் மாறி நிற்கும். நம் சமூகத்தின் தளங்களுக்கு இன்றியமையாத இந்த அறிவை அச்சோதனைகள் கேட்பதில்லை.

கோர்செரா போன்ற தளங்களின் சில படிப்புகளில், மாணவரின் பணியைச் சக மாணவரே மதிப்பிடும் முறை உண்டு. மனிதக் கண் பார்ப்பதால் அழகும் பயன்பாடும் கவனம் பெறுகின்றன. எனினும், தம் கடமையை முடிக்கும் அவசரத்தில், பக்கத்தைத் திறந்தும் பாராமல் முழு மதிப்பெண் இடுவோர் இருந்தால் அந்த முறை பொருளிழந்துவிடும். அது தாராளமன்று, பொய்ச் சாட்சியம். அதனால் ஏமாறுவது, குறை சுட்டிக்காட்டப்படாமல் விடப்பட்ட அந்த மாணவரே.

இன்னொரு கேள்வியும் உண்டு. குறியீட்டை அவரே எழுதினாரா? பிறர் விடையைப் பிரதி செய்தாலும், ஏஐ செயலியிடம் கேட்டு ஒட்டினாலும், சோதனை தேறிவிடும். நேர்மை உறுதிமொழி பெறப்படுகிறது; ஆயினும் அது மாணவரின் மனசாட்சியை நம்பியே நிற்கிறது.

ஆயிரக்கணக்கானோர் கட்டணமின்றிப் பயிலும்போது ஒவ்வொருவரையும் ஆசிரியர் எவ்வாறு சோதிப்பார் எனக் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அந்தத் தளங்களிடம் நாம் அதை எதிர்பார்க்க வேண்டாம். விடுபட்ட பகுதியை நாமே நிறைவு செய்யலாம். இஜாஸா வழங்கும் மரபு நமக்கு வழிகாட்டுகிறது. மாணவர் ஓத, ஆசிரியர் நேரில் கேட்டுத் திருத்திய பின்னரே அனுமதி அளிக்கிறார். அவ்வாறே, துறை அறிந்த சகோதரர் ஒருவர் மாணவரை அருகில் அமர்த்தி அரைமணி நேரம் செலவிடட்டும். "இந்த வரியை ஏன் எழுதினீர்?" எனக் கேட்கட்டும். பக்கத்தைச் சிறிய கைபேசியில் திறக்கச் செய்யட்டும்; சுட்டி இல்லாமல் விசைப்பலகையால் மட்டும் படிவத்தை நிரப்பச் சொல்லட்டும். ஒரு சிறு மாற்றத்தை அங்கேயே செய்யச் சொல்லட்டும். தாமே எழுதியவருக்கு இவை கடினமல்ல.

ஒரு பள்ளிவாசலின் ஜக்காத் படிவத்தை நாளை இந்த இளைஞர்களே வடிவமைக்கலாம். அதை நிரப்ப இயலாத முதியவருக்கு, வடிவமைத்தவரின் சான்றிதழால் பயனில்லை. அளவையில் நேர்மை கடைத்தெருவுக்கு மட்டும் உரியதன்று, கல்விக்கும் உரியது. பெற்ற மதிப்பெண்ணுக்குத் தகுதியாவதும் ஓர் அமானிதமே.